கடைசி வரிசையில் வந்த குரல்

உபைதுல்லா இன்றைக்கும் இருக்கிறான். உத்திரமேரூர் பஜாரில் அவனுடைய அத்தா அப்துல் ஜப்பாரின் பெயின்ட் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கடையில் போன் கிடையாது. அவன் கையிலும் கிடையாது. ஏன் என்று எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவான். ஒரே ஒரு முறை, ஆள் வராத ஒரு மத்தியானம், காரணத்தைச் சொன்னான். தேதி சொன்னான், மணி சொன்னான், நிமிஷம் கூடச் சொன்னான். அந்தத் தேதிகளைப் பிறகு தனியாக விசாரித்தும் பார்த்தாயிற்று. ஒன்றும் பிசகவில்லை. பேய்க் கதை என்றால் பயமுறுத்தக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். இதில் கூட்டுவதற்கு இடமே இல்லை.

2006ஆம் வருஷம். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. சென்னையில் நெட்வொர்க் படிப்பை முடித்துவிட்டு வந்து, உத்திரமேரூரில் ஒரு மருத்துவத் தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சுற்றுவட்டத்தில் ஆறு கிராமங்களில் அவர்களுக்குச் சின்னச் சின்ன சுகாதார சென்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். எல்லாம் டவர் வழியாக உத்திரமேரூர் ஆபீஸோடு சேரும். யாருக்காவது அவசரம் என்றால் சென்டரிலிருந்து போன் வரும். ஆபீஸ் வாசலில் நிற்கிற ஆம்புலன்ஸ் கிளம்பும். அந்த நாளில் இந்தக் கிராமங்களில் செல்போன் சிக்னல் சரியாக எடுக்காது. சென்டர் போன்தான் கதி.

அந்த லைன் மிகச் சின்னது. எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தால் நெரிசல்தான். யார் முதலில் போவது, யார் காத்திருப்பது என்று வரிசை பிரிக்கிற வேலை உபைதுல்லாவுடையது. போனில் பேசுகிற குரல் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, பாக்கெட்டுகளாகத்தான் வந்து சேரும். அதற்கு முதல் வரிசை. கம்ப்யூட்டர் வேலைக்கெல்லாம் கடைசி வரிசை. லைன் நிரம்பிவிட்டால் கடைசி வரிசையில் இருப்பதை, வரிசை நடத்துகிற ரூட்டர் பெட்டி கீழே போட்டுவிடும். எத்தனை துண்டு போட்டது என்று ஒரு எண் மட்டும் திரையில் ஏறும்.

செப்டம்பர் பதினாலு, வியாழக்கிழமை. டில்லியிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஆபீஸில் உட்கார்ந்த டாக்டர், கிராமத்தில் இருக்கிற நோயாளியை வீடியோவில் பார்த்துப் பேசுவதை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

"உபைது, வீடியோ ஒரு தடவை கூடத் திக்கக் கூடாது" என்றார் டைரக்டர் ஸ்ரீகாந்த்.

"லைன் பத்தாது சார். வீடியோவை முன்னால விட்டா போன் பின்னால போயிடும். குரல் உடையும்."

"ரெண்டு மணி நேரம்தானே? அதுக்குள்ள யாரு போன் பண்ணப் போறாங்க?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டில்லிக்காரர்கள் முன்னால் தன் வேலை பளிச்சென்று தெரியட்டும் என்ற ஆசை அவனுக்கும் இருந்தது. வீடியோவை முதல் வரிசையில் வைத்தான். ஆறு சென்டர் போன்களையும் கடைசி வரிசைக்குத் தள்ளினான்.

மணி 2:47. ரிசப்ஷனில் இருக்கிற ஆதிலட்சுமி அவன் அறை வாசலில் வந்து நின்றாள்.

"உபைது, நாலாம் நம்பர் சென்டர்லேர்ந்து போன் வருது. ஒண்ணும் புரியல. கொரகொரன்னு கீது."

அவனுக்கு ஏன் என்று தெரியும். ரூட்டரில் இரண்டு வரி மாற்றினால் போதும். ஆனால் பக்கத்து ஹாலில் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

"காத்துதான்க்கா. டவர் ஆடுது. வெச்சிடு" என்றான்.

2:49க்கு மறுபடி வந்தது. 2:52க்கு மறுபடி. பிறகு வரவில்லை.

நாலு பத்துக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஒருவன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். நாலாம் நம்பர் சென்டர் இருக்கிற ஊர்க்காரன். அறுப்பு வயலில் அம்முலு என்கிற கூலிக்காரப் பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது. அவள் குழந்தையும் நினைவில்லாமல் கிடக்கிறது. ஆம்புலன்ஸ் பறந்தது. பிரயோசனமில்லை. தாயும் பிழைக்கவில்லை, இருட்டுவதற்குள் ஐந்து வயசு நிஷாவும் போனாள்.

சென்டர் ஊழியர் சொக்கம்மாள் போன் செய்திருக்கிறாள், காற்றில் லைன் கெட்டுவிட்டது என்று டைரக்டர் எழுதி முடித்தார். உபைதுல்லா வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே வரிசைகளைப் பழையபடி மாற்றினான். மாற்றியதற்கான பதிவையும் அழித்தான். இரண்டே நாளில் சொக்கம்மாள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். மூன்று தடவை கூப்பிட்டும் நாம் போகவில்லையே, அந்தக் கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டான். சென்டரை மூடினார்கள். அங்கிருந்த போன் கழற்றப்பட்டு, அட்டைப்பெட்டியில் அவன் அறை அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

நோன்பு மாதம் பிறந்தது. அவன் அம்மா அமீனா பீவி அந்தப் பதினோரு நாளாகவே அவனைக் கவனித்துக்கொண்டிருந்தாள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினால் ஏற்கெனவே முழித்துக்கொண்டு கிடப்பான்.

"இன்னாடா, மூஞ்சி இப்டி கீது? எதுனா தப்பு பண்ட்டியா?"

"ஒண்ணுமில்லம்மா."

நோன்பு வைத்த வாயால் சொன்ன பொய்.

செப்டம்பர் இருபத்தாறு, செவ்வாய். மத்தியானம். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். யுபிஎஸ் மட்டும் ம்ம்ம் என்று உறுமிக்கொண்டிருந்தது. திரையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கடைசி வரிசையில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

லைன் காலியாக இருக்கிறது. நெரிசலே இல்லை. பிறகு எதைக் கீழே போடுகிறது ரூட்டர்? எங்கிருந்து வருகிறது என்று பார்த்தான். நாலாம் நம்பர் சென்டர். அங்கிருந்த போனின் நெட்வொர்க் விலாசம்.

மணி பார்த்தான். 2:47.

வெளியே ரிசப்ஷன் போன் அடித்தது.

"அலோ... அலோ..." ஆதிலட்சுமியின் குரல். "ஒண்ணும் கேக்கல. கொரகொரன்னு..." அப்படியே நின்றுவிட்டது. ரிசீவரை வைக்கிற சத்தம். அவள் வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"உபைது... நாலாம் நம்பரைத்தான் மூடிட்டமே?"

அவன் அலமாரியைப் பார்த்தான். அட்டைப்பெட்டியில் போன் இருந்தது. ஒயர் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டபடி.

2:49க்கு அடித்தது.

2:52க்கு அடித்தது. ஆதிலட்சுமி எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் லீவு.

மறுநாள் அவனே ரிசப்ஷனில் உட்கார்ந்தான். 2:47. எடுத்தான். கொரகொர... நடுவில் ஒரு துண்டு. "...ப்பா..." பெண் குரல். மறுபடி கொரகொர.

அந்த விலாசத்தையே லைனில் தடுத்து வைத்தான். வியாழக்கிழமையும் அடித்தது. "...ருங்க..."

தடையை எடுத்துவிட்டு, அந்த விலாசத்தைப் பெயர் சொல்லி முதல் வரிசையில் வைத்தான். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தான். அடித்தது. எண் ஏறியது... கடைசி வரிசையில்தான் ஏறியது. அவன் என்ன எழுதினாலும், அந்தக் குரல் தான் தள்ளப்பட்ட இடத்திலிருந்தே வந்தது.

நோன்பு மாதத்தில் ஷைத்தான்கள் கட்டிப்போடப்பட்டிருக்கும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன். அப்படியென்றால்... இது யார்?

சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். எல்லாரும் போன பிறகும் அவன் போகவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்தினான். கம்ப்யூட்டர்கள். வீடியோ. மற்ற ஐந்து சென்டர் போன்கள். பிறகு ரூட்டரில் முதல் வரிசை, நடு வரிசை இரண்டையும் அழித்தான். கடைசி வரிசை ஒன்றுதான் மிச்சம். அதற்கு மொத்த லைனையும் கொடுத்தான்.

2:46.

யுபிஎஸ் சத்தம் கூட நின்றது போல இருந்தது.

2:47.

அடித்தது.

எடுத்தான்.

கொரகொர இல்லை.

மூச்சு... ஓடி வந்து நின்றது போல.

"அலோ... ஆஸ்பத்திரியா? பாப்பா காலப் பாருங்க... யாரும் பாக்க மாட்டேன்றாங்க... பாப்பா காலக் கொஞ்சம் பாருங்களேன்..."

அவ்வளவுதான்.

ரிசீவரை வைத்தான். 2:49. வரவில்லை. 2:52. வரவில்லை. திரையில் எண் அசையாமல் நின்றது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்கத்தான் இத்தனை நாளும் அந்த லைன் அடித்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. தரையில் உட்கார்ந்து அழுதான். வாய்விட்டு அழுதான்.

அதற்கு மேல் மறைக்க அவனால் முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக சொக்கம்மாள் வீட்டுக்குப் போனான். வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முறம் கையிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, அன்னிக்கு நீங்க பண்ண போனு கேக்காம போனதுக்குக் காரணம் காத்து இல்ல. நான்தான். வீடியோவுக்காக உங்க போனைப் பின்னால தள்ளிட்டேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் போனே பண்ணல தம்பி."

"பண்ணலையா?"

"அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல. எங்க அக்கா பொண்ணுக்கு தாமல் ஊர்ல காது குத்து. லீவு சொல்லாம சென்டரைப் பூட்டிக்கினு போயிட்டேன். சாவி என் இடுப்புலதான் இருந்திச்சி. நான்தான் பண்ணேன்னு ஆபீஸ்ல அவங்களா எழுதிக்கினாங்க. நானும் ஆமான்னுட்டேன்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் இருந்திருந்தா அதுங்களுக்கு எதுனா செஞ்சிருப்பேன்ல? அதான்... அந்த சென்டருக்குள்ள காலு வைக்க முடியல."

"அப்ப யாருக்கா பேசினது?"

அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமாக அம்முலுவின் புருஷன் இருசப்பன் வீட்டுக்கு நடந்தார்கள்.

இருசப்பன் களத்துமேட்டிலிருந்து அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தான். உபைதுல்லா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வரிசை, வீடியோ, காற்று என்று சொன்ன பொய், அழித்த பதிவு. சொக்கம்மாளும் தாமல் போன கதையைச் சொன்னாள். அவன் அடிப்பான் என்று உபைதுல்லா எதிர்பார்த்தான். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தான். இருசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தான்.

"எத்தினி மணிக்கு வந்திச்சி போனு?"

"ரெண்டே முக்காலுக்குண்ணே. 2:47."

"எங்க ஆளுங்க யாரும் பண்லியே. சென்டர்ல பூட்டு தொங்கிச்சி, நானே பாத்தேன். அதான் வைத்தியர் வூட்டுக்குத் தூக்கிக்கினு போனோம். அங்க போறதுக்குள்ள அம்முலு செத்துப் பூட்டா. ரைஸ் மில்லுல ரெண்டு மணி சங்கு ஊதினப்போ அவ ஒடம்பு வேப்பமரத்தடியில கெடந்திச்சி."

வாளித் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பொம்பள கொரலா?" என்று கேட்டான் இருசப்பன்.

உபைதுல்லா தலையாட்டினான்.

"இன்னா சொன்னா?"

உபைதுல்லா சொன்னான். ஒரு எழுத்து மாறாமல் சொன்னான். இருசப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாம் அம்முலுவைச் சுத்தி அயுதுக்கினு இருந்தோம். பாப்பா பின்னாலயே வந்து, காலு வலிக்குது நைனா, காலு வலிக்குதுன்னு இயுத்துச்சி. முள்ளு குத்தியிருக்கும், சும்மா இருன்னு தள்ளி வுட்டேன். நாலு மணிக்குத்தான் அது சுருண்டு வியுந்ததைப் பாத்தோம். பெரியாஸ்பத்திரில டாக்டர்தான் மொதல்ல காலைப் பாத்தாரு. அதே பாம்பு... ரெண்டு பல்லு. மூணரை மணிக்குள்ள கொணாந்திருந்தா கொயந்த பொயச்சிருக்கும்னாரு."

அவன் நிமிர்ந்து உபைதுல்லாவைப் பார்க்கவில்லை.

"பாப்பாவும் சொல்லிச்சி, அவளும் சொன்னா... நாம ரெண்டு பேரும்தான் கேக்கல."