பேரும் ஊரும் சொன்ன வேண்டுதல்

இஸ்திரி அக்காவின் கால் வலி லாண்டரியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிமெண்டுத் தரையில் நாள் முழுக்க நின்று தேய்க்கிறவளுக்குக் குதிகால் வலிக்காமல் என்ன செய்யும்? ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் அவள் மேசைக்குக் கீழே தடிமனாக ஒரு விரிப்பு கிடந்தது. யாரும் வாங்கிப் போகாத பழைய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நாலு ஓரமும் நெருக்கித் தைத்திருந்தது. யார் செய்தது என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. தையலைப் பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. அப்படித் தைக்கிற கை அந்தக் கடையில் ஒன்றுதான்.

அந்தக் கைக்காரியைப் ‘பொத்தான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். துவைத்து வரும் சட்டைகளில் அறுந்த பொத்தானைத் தைப்பதும் பிரிந்த மடிப்பைப் போடுவதும் அவள் வேலை. சின்னப் பெண் குழந்தையோடு எங்கிருந்தோ வந்தவள். சேர்ந்த அன்று முதலாளி பேர் கேட்டதற்கு, “எப்படி வேணாலும் கூப்பிடுங்கண்ணே, திரும்பிப் பாப்பேன்” என்றாள். அவர் விளையாட்டாகச் சொன்ன பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கடையில் யாராவது போட்டோ எடுத்தால் பொத்தான் துணி மூட்டைக்குப் பின்னால் போய்விடுவாள்.

“ஏம்மா, உன் மூஞ்சிய என்ன பேங்க்லயா போட்டு வச்சிருக்க?” என்பார் வேன் ஓட்டுகிறவர்.

“ஆமாண்ணே. வட்டி நல்லா வருது.”

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வரமாட்டாள்.

ஒரு மத்தியானம், கொல்லையில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இஸ்திரி அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பொத்தான் தானாகவே தன் மணிக்கட்டைக் காட்டினாள். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

“அவரு உடைச்சதுக்கா. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காராம். என்னையக் கூட விட்ருவாரு, புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவேன்னு சொல்லியிருக்காரு. நாங்க இங்க இருக்கிறது யாருக்கும் தெரியாது.”

“சாமி பாத்துக்கும்மா” என்று தலையைத் தடவிக் கொடுத்தாள் இஸ்திரி அக்கா. “உன் சொந்தப் பேர் என்ன? வேண்டிக்கத்தான் கேக்குறேன்.”

பொத்தான் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு காதோடு காதாகச் சொன்னாள்.

இஸ்திரி அக்காவுக்குக் கடவுள் பக்தி அதிகம். அவள் நாத்தனார் போனில் ஒரு பிரார்த்தனைக் குழு நடத்திவந்தாள். கஷ்டப்படுகிறவர்களைப் பற்றி ஒருவர் பேசி அனுப்பினால் மற்றவர்கள் எல்லோரும் அவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். அதில் ஒரு முறை உண்டு. பேர், ஊர், இடம், என்ன கஷ்டம் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லவேண்டும். “யாருக்குன்னு சொல்லாம வேண்டினா எப்படி அண்ணி போய்ச் சேரும்?” என்பாள் நாத்தனார். இஸ்திரி அக்காவுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசினாள். பொத்தானின் பேரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். “பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நாங்க வேலை பாக்குற லாண்டரியிலதான் அந்தத் தங்கச்சி தைக்கிறா. புள்ள பக்கத்துத் தெரு ஸ்கூல்ல படிக்குது. அவ புருஷன் கண்ணுல இவங்க படாம இருக்கணும்னு எல்லாரும் வேண்டிக்குங்க.” வீடு போய்ச் சேருவதற்குள் போனில் கும்பிட்ட கைப் படங்களாக வந்து குவிந்தன. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு சாப்பிட்டாள். சொல்லிக்காட்டினால் வேண்டுதலுக்கு மதிப்பில்லை என்று பொத்தானிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு ஆள் கடைக்கு வந்தான். கையில் துணி இல்லை. பொத்தானின் சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டான்.

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே” என்றார் முதலாளி. அவருக்குத் தெரிந்த வரைக்கும் அது உண்மைதான்.

“அப்ப இது யாரு பேசுறது?” என்று அந்த ஆள் போனை எடுத்து அமுக்கினான்.

இஸ்திரி அக்காவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. உருகி உருகிப் பேசுகிற குரல். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. பக்கத்துத் தெரு ஸ்கூல். அவன் கண்ணில் படக்கூடாது என்று அவள் வேண்டியதை அவனே கேட்டுக்கொண்டு நின்றான். இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வாயைத் திறந்தால் அதே குரல் வெளியே வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

முதலாளி அவளை ஒரு தரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“இந்தப் பக்கம் ஏகப்பட்ட லாண்டரி இருக்கு சார். கோடியில ஒண்ணு இருக்கு, அங்க விசாரிச்சுப் பாருங்க.”

“விசாரிக்கிறேன். ஸ்கூல் விடுற நேரத்துக்கு அங்க போய் நின்னா எல்லாம் தானா தெரிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான்.

இஸ்திரி அக்கா கொல்லைப் பக்கம் ஓடினாள். பொத்தான் இல்லை. பாதி தைத்த சட்டையில் ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவளும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வேனும் இல்லை.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். “அதை யாருக்காவது அனுப்பினியா?”

“கேட்டவங்களுக்கெல்லாம் அனுப்பினேன் அண்ணி. எத்தனை பேர் அழுதாங்க தெரியுமா? அவங்க எங்கெங்க அனுப்பினாங்களோ. ஏன், நல்லதுதானே?”

இஸ்திரி அக்கா தன் போனிலிருந்து அதை அழித்தாள். தன்னிடம் அழிந்தது. ஊரெல்லாம் சுற்றுகிற குரலை யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது? இந்த வாயை வைத்துக்கொண்டா தினமும் சாமியைக் கூப்பிட்டேன் என்று இருந்தது அவளுக்கு.

கொஞ்ச நேரத்தில் முதலாளியின் போன் அடித்தது. வேன் ஓட்டுகிறவர்தான். பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டாயிற்று, அவன் வருவதற்குள் கிளம்பிவிட்டோம், பைபாஸ் பெட்ரோல் பங்க்கில் நிற்கிறோம், அறையிலிருந்து பையை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள் என்றார். முதலாளி இஸ்திரி அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. “நீயே போயிட்டு வா” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே அவள் ஆட்டோவில் ஏறினாள்.

பொத்தானின் அறையில் தேடவேண்டிய அவசியமே இல்லை. கதவுக்குப் பின்னால் பை கட்டித் தயாராக இருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ.

வேனுக்குள் குழந்தை பள்ளிக்கூடச் சீருடையோடு அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரி அக்கா பையை நீட்டினாள்.

“அது நான்தாம்மா…”

“தெரியும்க்கா. உங்க குரல் எனக்குத் தெரியாதா?”

“என்னைய நாலு வார்த்தை திட்டிரும்மா.”

“திட்ட நேரமில்லக்கா” என்றாள் பொத்தான். கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. வேன் கிளம்பியது. இஸ்திரி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

“எங்க போறீங்கன்னு என்கிட்ட மட்டும் சொல்லும்மா. தினமும் வேண்டிக்குவேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

கதவிலிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக எடுத்துவிட்டாள் பொத்தான்.

“வேண்டிக்குங்கக்கா. மனசுக்குள்ளயே வேண்டிக்குங்க. நாங்க எங்க இருக்கோம்னு சாமிக்குத் தெரியும்.”