எனக்கு நினைவில்லாத தண்ணீர்

ஒருத்திக்கு நல்லது நடக்கும்போது இன்னொருத்திக்கு ஏன் வயிறு எரிகிறது? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. எரிவது என் வயிறுதான். நல்லது நடக்கப்போவது என் ஓரகத்திக்கு, என் கொழுந்தனின் மனைவிக்கு. வருகிற பாஸ்காவில், ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசையில், அவள் ஞானஸ்நானம் பெறுகிறாள். ஞானத்தாயாக நிற்கும்படி என்னைக் கேட்டிருக்கிறாள்.

நான் புராட்டஸ்டண்டு வீட்டுப் பெண். கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டபோது நானும் கோயில் மாறினேன். "எனக்கு எப்போ ஃபாதர் ஞானஸ்நானம்?" என்று சாமியாரிடம் ஆசையாகக் கேட்டேன்.

"கைக்குழந்தையிலயே உனக்குக் குடுத்தாச்சேம்மா. அது ஒரு தடவைதான். திரும்பக் குடுக்கக் கூடாது."

ஒரு வாரநாள் காலைப் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொன்னேன். நெற்றியில் எண்ணெய் பூசினார். நற்கருணை வாங்கினேன். கணவர் அங்கிருந்தே ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து இட்லி ஊற்றினேன்.

ஓரகத்தி பக்கத்து ஊரான பருத்திப்பட்டில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்கு ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் உபதேச வகுப்பு. பூசையில் அவளை முன்னால் அழைத்து, கோயிலே அவளுக்காகச் செபிக்கிறது. மாமியார் இப்போதே வெள்ளைப் பட்டு எடுத்து வைத்துவிட்டார். நான் அன்று கட்டிக்கொண்டு போனது பழைய வாயில் புடவை.

வீட்டுச் செபமாலையிலும் இதே கதைதான். எங்கள் பக்கத்துப் பரமண்டல ஜெபத்தில், "ராஜ்யமும் வல்லமையும்" என்று கடைசியில் ஒரு வரி உண்டு. அதே செபம்தான் இவர்களுடைய பரலோக மந்திரம்; ஆனால் அந்த வரிக்கு முன்னாலேயே முடிந்துவிடும். இத்தனை வருஷமாகியும் என் வாய் நிற்பதில்லை. எல்லாரும் அடங்கியபின் என் குரல் மட்டும் தனியே போகும். அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை பார்க்கும் கொழுந்தன் விடமாட்டார்.

"எல்லாரும் ஆவடில எறங்கியாச்சு. அண்ணி மட்டும் பட்டாபிராம் போய்கினே கீறாங்க!"

"சும்மா கெடடா," என்பார் மாமியார். கூடவே, "ஆனா சின்னவளப் பாரு. நேத்து கத்துக்கினா, இன்னா சுத்தமா சொல்றா!"

முதல் நன்மைக்கு, முதல்முறை நற்கருணை வாங்க, தயாராகும் என் மகள் கேட்டாள்: "ஞானஸ்நானத்துல சித்திக்கு மெழுகுவத்தி தருவாங்களாம். உனக்கு ஏம்மா தரல?" என் முகத்தில் எதையாவது படித்துவிட்டாளோ என்று பயமாக இருந்தது.

போன வாரம் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போதுதான் ஓரகத்தி அதைக் கேட்டாள்.

"அக்கா, நீங்கதான் எனக்கு ஞானத்தாயா நிக்கணும்."

"அத்தையக் கேளேன்."

"வேணாங்க்கா. அவங்க பொறந்ததுலேந்து இதுலயே கீறாங்க. நீங்கதான் என்னாட்டம் வெளிலேந்து வந்தவங்க. என் பயம் உங்களுக்குத்தான் தெரியும்." துணியை உதறிக்கொண்டே, "அப்புறம் அந்தக் கடைசி வரிய எனக்கும் சொல்லிக் குடுங்க. கேக்க நல்லாக் கீது."

வெளியிலிருந்து வந்தவள் என்ற சொல் சுட்டது. எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரி. அதுவும் இவளுக்கு வேண்டுமா? "யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

தண்ணீர் ஊற்றும்போது ஞானத்தாய் அவள் தோளில் கை வைத்து நிற்க வேண்டும். கை அவள்மேல் இருந்தாலும் மனம் என்னைப் பற்றித்தான் புலம்பும். மறுக்கலாம் என்றால் அவளிடம் என்ன காரணம் சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில், திரைக்குப் பின்னாலிருந்து பாவம் சொல்லும்போது, கேட்கவும் கூச்சம். சாமியாருக்கு என் குரல் நன்றாகத் தெரியும்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்படி ஓர் எரிச்சலோடு ஞானத்தாயாக நின்றிருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். தோளில் கை வைத்தபின் அது அடங்கியதா? நான் சரி என்று சொல்லட்டுமா, ஒதுங்கிக்கொள்ளட்டுமா?