வயதாகிக்கொண்டே போன படம்

பேய் பிசாசு, குறி கேட்பது, செத்தவர்கள் கனவில் வந்து சேதி சொல்வது, இதெல்லாம் எனக்குச் சிரிப்பு மூட்டுகிற விஷயங்கள். இன்றைக்கும் அப்படித்தான். என் தொழிலே பொய்ப்படம் செய்வதுதானே. கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தொன்றில் மாடியில் ஒரு சின்ன டிஜிட்டல் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வராத அண்ணனைக் கல்யாணப் படத்துக்குள் கொண்டுவந்து நிற்க வைப்பேன், முகத்துப் பருவை எடுப்பேன், செத்துப்போன அப்பாவின் கையைப் பேத்தியின் தோளில் போடுவேன். ஒரு படம் என்பது வெறும் நிறப் புள்ளிகள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த டவுனில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. என் கணவரே நம்பவில்லை. ஆனால் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டேன்.

ஒரு நாள் பின்னேரம் நல்ல மழை. கடையில் வேறு யாரும் இல்லை. ஒரு அக்காவும் அவருடைய கொழுந்தனாரும் நனைந்துகொண்டு படியேறி வந்தார்கள். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள். அக்காவின் பெயர் விஜயா. கொழுந்தனார் சிவா. அக்கா குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். சிவாதான் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம், நடுவில் மடிந்த கோடு, ஓரமெல்லாம் மஞ்சள்.

"இது எங்க அண்ணன் மிஸ், யோகராஜா. இதப் பெருசாக்கி, பிரேம் போட்டுத் தரணும். மால போடுற மாதிரி."

எப்போது தவறினார் என்று கேட்டேன். எங்கள் தொழிலில் கேட்கிற கேள்விதான், கீழே தேதி போடவேண்டும் அல்லவா. சிவா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார்.

"அதுதாங்க மிஸ் தெரியாது. கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனாரு. மொதல்ல போன் வரும். பொறகு வரல. பொலிஸ்ல எழுதிக் குடுத்தோம். நான் தேடாத ஆஸ்பத்திரி இல்ல. எத்தன வருசம்தான் பாக்குறது? இப்ப மகளுக்குத் தெல்தெனியப் பக்கம் மாப்புள பாத்தாச்சு. பத்திரிகை அடிக்கணும். அப்பா பேருக்கு முன்னால என்னா போடுறதுன்னு அவங்க கேக்குறாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. 'காலஞ்சென்ற' என்ற ஒரு சொல்லைப் போடுவதா வேண்டாமா என்பதுதான் பிரச்சினை. அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் படத்துக்கு மாலை போடவேண்டும், அக்கா பொட்டையும் தாலியையும் எடுக்கவேண்டும், மகளின் கல்யாணத்தில் மணவறைப் பக்கம் வராமல் ஓரமாக உட்காரவேண்டும். அந்த நேரத்தில் அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது. மழைத் தண்ணீரில் லேசாகக் கரைந்திருந்தது.

சிவாவைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். அவர் குரலில் அலுப்புத்தான் இருந்தது. சுவரில் மாட்டப் பிரேம் ஆணி வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிப்போனார்.

இங்கே நான் கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. இவ்வளவு சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் கஞ்சி மாதிரிக் கலங்கிவிடும். அதற்கு நாங்கள் செய்கிற தந்திரம், அதை எண்ணெய் வர்ண ஓவியமாக மாற்றிவிடுவது. தூரிகையால் தீட்டியது போல வந்துவிட்டால் கலங்கலும் கீறலும் தெரியாது, பார்ப்பவர்களுக்கும் ஒரு மரியாதை தோன்றும். நான் வைத்திருந்தது பழைய ஃபில்டர். இப்போது போனில் வருகிறதே, முகத்தைக் கிழவனாக்கு குழந்தையாக்கு என்றால் ஆக்கிக் காட்டுகிற செயலிகள், அந்த மாதிரி இல்லை. அந்தக் கம்பியூட்டருக்கு இன்டர்நெட் தொடர்பே கிடையாது. என் ஃபில்டர் செய்வதெல்லாம், பக்கத்துப் பக்கத்து நிறங்களைப் பிடித்து இழுத்துவிடுவது மட்டும்தான். ஈர வர்ணத்தில் விரலால் இழுத்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். கண் எது மூக்கு எது என்று அதற்குத் தெரியாது.

படத்தை ஸ்கேன் பண்ணினேன். மடிப்புக் கோட்டை எடுத்தேன். கறுத்த முடி, நிறைந்த கன்னம், கொஞ்சம் முறைத்த பார்வை, முப்பது வயது இருக்கும். ஃபில்டரைப் போட்டேன்.

அந்த ஆள் கிழவராகியிருந்தார்.

கிழவர் என்றால் தொண்டு கிழவர் இல்லை. காதோரம் நரை. கன்னம் உள்ளே போயிருந்தது. இடது கண்ணின் மேல் இமை பாதி வரை இறங்கித் தொங்கியது. ஸ்கேனரில் தூசு இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணினேன், மறுபடி அதே முகம். பக்கத்தில் கிடந்த ஒரு கல்யாணப் படத்துக்குப் போட்டுப் பார்த்தேன், மணப்பெண் மணப்பெண்ணாகவே வந்தாள். தூரிகை அளவைக் குறைத்தேன், கூட்டினேன். வர்ணத் தீற்றல்தான் மாறியதே தவிர அந்த நரையும் அந்த இமையும் அப்படியே நின்றன.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தார்.

"முடி நரைச்சிருச்சே" என்றார். எனக்குச் சொல்லவில்லை, திரையிலிருந்த மனிதரிடம் சொன்னார்.

"அக்கா, இது மெஷினில ஏதோ கோளாறு. கொஞ்சம் இருங்க, சரி பண்ணித் தாறேன்."

"வேணாம் தங்கச்சி. அழிச்சிராதீங்க."

கையை நீட்டித் திரையைத் தொட்டார். அந்தத் தொங்கிய இமையில்தான் விரலை வைத்தார். அந்த நேரம் பார்த்துச் சிவா ஆணிப் பொட்டலத்தோடு வந்தார். திரையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னாங்க மிஸ், யாரு படத்தப் போட்டு வச்சிருக்கீங்க?"

"ஒங்க அண்ணன்தான் தம்பி" என்றார் அக்கா. "நல்லாப் பாருங்க."

சிவா குனிந்து பார்த்தார். பிறகு என் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

"எங்க அப்பாவுக்கு இப்படித்தான் கண்ணு எறங்குச்சு" என்றார். "வயசானப்ப. எடது கண்ணு. மதினி, நீங்க அவரப் பாத்ததே இல்லையே. நீங்க வாறதுக்கு முந்தியே போயிட்டாரே. அப்பாவோட ஒரு படம்கூட வீட்டுல இல்ல."

நான் அந்தச் சின்னப் படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் இரண்டு கண்ணும் ஒரே மாதிரித்தான் இருந்தன, உண்மையாகச் சொல்கிறேன்.

"மால வேணாம் தம்பி" என்றார் அக்கா. "உசுரோட இருக்குற மனுசனுக்கு மால போடக்கூடாது."

சிவா ஆணிப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரிய படம் அடிக்கவே இல்லை. பேர்ஸுக்குள் வைக்கிற அளவில் அந்த நரைத்த முகத்தை ஒன்று அடித்துத் தரச் சொல்லி அக்கா வாங்கிக்கொண்டார். அவர்கள் போனபிறகு நான் ஸ்கேனை எடுத்து மறுபடி ஃபில்டர் போட்டேன். இளம் யோகராஜா வந்தார். கறுத்த முடி, நிறைந்த கன்னம், அழகான ஓவியம். எத்தனை தரம் போட்டாலும் அதுதான் வந்தது.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. அப்பா பெயருக்கு முன்னால் எந்தச் சொல்லும் இல்லை, திரு என்று மட்டும் இருந்தது. கோயில் மண்டபத்தில் அக்கா பட்டுச் சேலையும் பெரிய பொட்டுமாக மணவறையில் நின்று மகளுக்கு மாலையை எடுத்துக் கொடுத்தார். பின் வரிசையில் இரண்டு பெண்கள் ஏதோ குசுகுசுத்தார்கள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் ஒங்களாலதான் தங்கச்சி" என்றார். ஒரு மெஷின் கோளாற்றை நம்பி ஒரு பெண் தன் வாழ்க்கையை வைத்திருக்கிறாளே என்றுதான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் தைப்பொங்கல் முடிந்து சில நாளில் அக்கா அதே பிளாஸ்டிக் உறையோடு படியேறி வந்தார்.

"திரும்ப ஒருக்காப் போட்டுப் பாருங்க தங்கச்சி. எப்படி இருக்காருன்னு பாத்துட்டுப் போறேன்."

ஊரில் இருக்கிற ஒருவருக்குப் போன் போட்டுத் தரச் சொல்வது மாதிரித்தான் கேட்டார். இல்லை, முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனாலும் கை நீட்டி உறையை வாங்கினேன். போட்டேன். நரை கூடியிருந்தது. தாடி வந்திருந்தது.

அதற்கு அடுத்த வருடமும் வந்தார். அதற்குப் பிறகும். நடுவில் என் கம்பியூட்டர் பழுதாகிப் புதியது வாங்கினேன், ஃபில்டரையும் புதிதாகப் போட்டேன். அப்படியும் அக்கா பக்கத்தில் இருந்தால் ஒரு முகம், தனியாகப் போட்டால் ஒரு முகம். ஒரு தடவை அக்கா வந்திருந்தபோது என் கணவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தேன். பார்த்தார். ஏதோ செட்டிங்கை மாற்றி வைத்திருக்கிறாய் என்றார். என்ன செட்டிங் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒவ்வொரு வருடமும் அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாவகாசமாகப் பார்ப்பார். "மெலிஞ்சிட்டாரு. நேரத்துக்குச் சாப்பிடுறதில்ல போல" என்பார். இன்னொரு வருடம் கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. "இந்த வருசம் பரவால்ல, யாரோ நல்ல எடத்துல சேத்துருக்காங்க" என்றார். போகும்போது ஒரு பிரின்ட் வாங்கிக்கொள்வார்.

தாடி வைத்த பிரின்டை எடுத்துக்கொண்டு அக்காவும் சிவாவும் கொழும்புக்குப் போய்த் தேடினார்கள். பழைய படத்தைக் காட்டியபோதெல்லாம் தலையாட்டி அனுப்பிய ஊரில், இதைக் காட்டியதும் புறக்கோட்டையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர், இந்தத் தாடிக்காரரா, காலையில வந்து பாண் வாங்கிட்டுப் போவாரே, அவ்வளவா பேசமாட்டார் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அந்தக் கடை வாசலில் காத்திருந்தார்கள். வரவில்லை. மறுநாளும் இருந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு சிவா இரண்டு மூன்று தடவை தனியாகப் போனார். ஆள் அந்தப் பக்கம் வரவில்லை என்றுதான் கடைக்காரர் சொன்னாராம். சிவா இதையெல்லாம் என் கடையில் நின்று சொல்லிவிட்டு, "நான்தான் மிஸ் அவருக்கு மால போடப் பாத்தேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வருடம் தைக்குப் பிறகு அக்கா தனியாக வந்தார். முட்டி வலி, படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சுவரோரக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போடுங்க, நான் கொஞ்சம் ஆறிக்கிட்டு வாறேன்" என்றார்.

போட்டேன். அவரோடு பழகிப் பழகி எனக்கும் பயம் விட்டுப்போயிருந்தது. இந்தத் தடவை எப்படி இருக்கிறாரோ என்று நானே ஆவலாகத்தான் பார்த்தேன்.

இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று போட்டு எங்கே மாறியிருக்கிறது என்று பார்க்க எங்கள் மென்பொருளில் ஒரு வழி இருக்கிறது. மாறாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும், மாறிய இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். ஒவ்வொரு வருடமும் போன வருடத்துப் படத்தை அடியில் வைத்து அப்படிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. தாடி மின்னும், கன்னத்தின் ஓரம் மின்னும், புதிதாக விழுந்த சுருக்கங்கள் நூல் மாதிரித் தெரியும்.

இந்தத் தடவை திரை முழுக்கக் கறுப்பு.

பிழையாக ஒரே படத்தை இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்று நினைத்து அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். கறுப்பு. பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. போன தைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை. உயிரோடு இருக்கிற முகம் ஒரு வருடத்தில் ஒரு புள்ளியாவது மாறாமல் இருக்காது.

"எப்படி இருக்காரு தங்கச்சி?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

நான் திரும்பவில்லை. கறுப்பை எடுத்துவிட்டு முகத்தைத் திரையில் கொண்டுவந்தேன்.

"அப்படியே இருக்காரு அக்கா."

அவர் எழுந்து வந்தார். என் தோளில் கையை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வழக்கமாகப் பார்ப்பதைவிட நெடுநேரம் பார்த்தார். மெலிந்தார் தேறினார் என்று எதுவும் சொல்லவில்லை. நான் பிரின்டரை ஓன் பண்ணப் போனேன், என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்த வருசம் பிரின்ட் வேணாம் தங்கச்சி. போன வருசத்துது இருக்குதானே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிளாஸ்டிக் உறையைப் பேர்ஸுக்குள் வைத்தார், கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார், அடுத்த தைக்கு வாறேன் என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

என் கணவர் இதற்கெல்லாம் ஒரு விளக்கம் இருக்கும் என்கிறார். இருக்கலாம். எனக்கு ஃபில்டரைப் பற்றிய விளக்கம் வேண்டாம். அந்த முகம் மாறாமல் நின்றது எதனால் என்று அக்காவுக்குத் தெரிந்ததா தெரியாதா, அதை மட்டும் யாராவது சொன்னால் போதும். அந்தச் சிரிப்பை நான் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.