எடுத்ததைத் திரும்பப் போட்ட நாள்

தீபாவளிக்கு முந்தின வாரம் அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கும்போது, என் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணியை எடுப்பேன். இரண்டு சாண் அகலம். வெள்ளையாக இருந்து இப்போது பழுப்பேறிவிட்டது. விரலால் தடவினால் மீன் செதிளைப் போல நெருநெருவென்றிருக்கும் நைலான். அரைத்த கோதுமையை அதில் ஊற்றினால் பால் சொட்டுச் சொட்டாக இறங்கும். சக்கை மேலே தங்கி, உரித்தால் தோசை மாதிரி ஒரே வில்லையாகக் கழன்று வரும். "இது எந்தக் கடைல வாங்குனது அத்தை, இத்தனை வருஷமா நைஞ்சு போகாம இருக்கு?" என்று என் மருமகள் கேட்பாள். ஆபீசில் கொடுத்தது என்பேன். எந்த ஆபீஸ் என்று சொல்வதில்லை. சொன்னால் அந்த வருஷம் அல்வா மீந்துபோகும்.

சாக்கடைச் சகதியைப் பிழிவதற்காக வந்த துணி அது. ஆனால் என்னிடம் இருப்பது சகதியைக் கண்ணால்கூடப் பார்க்காத துண்டு. அதைக் கொடுத்தவர் எங்கள் எஞ்ஜினியர் ஐயா.

அறுபதுகளில் நாங்கள் பம்பாயில், தாராவியில் இருந்தோம். குடிசையிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற இடம். தண்ணீர் தெளிந்து போனபின் தொட்டியின் அடியில் கஞ்சி போல ஒரு சகதி நிற்கும். அதை மணல் பரப்பிய பாத்திகளில் ஒரு கை ஆழத்துக்கு விடுவார்கள். தண்ணீர் மணலுக்குள் இறங்கும், மேலே வெயில் குடிக்கும். பத்துப் பதினைந்து நாளில் வயல் வெடித்த மாதிரி பாளம் பாளமாக விரியும். அந்தப் பாளங்களைப் பெயர்த்துக் கூடையில் சுமந்து குவிப்பது பெண்களான எங்கள் வேலை. காய்ந்துவிட்டால் அதில் அவ்வளவு நாற்றம் இருக்காது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் அண்ணன் பெண்டாட்டி, என் மதினிதான் என்னை அங்கே சேர்த்துவிட்டாள். மதினி பேசினால் பம்பு சத்தம் கேட்காது. நான் நேர் எதிர். ஐந்தாவது வரை படித்திருந்தும், யாராவது பெயர் கேட்டால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன்.

வெயில் இருக்கும்வரை கவலையில்லை. மழை வந்தால் பாத்தி காயாது. தொட்டி நிறைந்துகொண்டே போகும். ஒரு மழைக்காலத்தில் பாத்தி வழிந்து, சகதி எங்கள் சந்துக்குள் வந்துவிட்டது. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, அதன்மேல் அடுப்பை வைத்துச் சோறு பொங்கினோம். அதற்குப் பிறகுதான் சகதியிலிருந்து தண்ணீரைப் பிரிக்க மிஷின் வாங்குவது என்று முடிவானது. எது நல்ல மிஷின் என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு எஞ்ஜினியர் ஐயாவுக்கு.

அவர் பக்கத்து மாட்டுங்காவில் குடியிருந்த தமிழர். ஒல்லி உடம்பு, தடிமனான கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். பாத்தி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் சகதியைக் கிளறி, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பார். மிஷின் வந்தால் எங்கள் வேலை போய்விடுமே என்று மதினி அவரிடமே போய்க் கேட்டாள். "மிஷின் மழைக்கு மட்டும்தான் மா. மத்த எட்டு மாசமும் சூரியன் ஓசியிலே பண்றான், அவனை வேலையிலேர்ந்து நிறுத்துவேனா?" என்றார். அன்றிலிருந்து மதினி அவர் கட்சி.

முதலில் வந்தது சுழல்கிற மிஷின். படுக்கப்போட்ட பீப்பாய் மாதிரி இருக்கும். வேகமாகச் சுற்றினால் தண்ணீர் ஒரு பக்கமும் சகதி ஒரு பக்கமுமாகப் பிரிந்து வரும். கம்பெனிக்காரர் வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு லாரியோடு வந்து இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் மதியம் ஓட்டிக் காட்டுவதாகப் பேச்சு. எங்கள் முக்காதம், அதாவது எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி, மராட்டிக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். பத்து டிரம்மில் சகதி நிரப்பி வைக்கச் சொன்னார்.

மதினி டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, இது என்ன கோலம்? முடியும் கந்தலும் தோலுமா மெதக்கு. வெளியாளுவ வந்து பாத்தா நம்ம வளர்ப்பையில்லா சொல்லுவாவ!"

அதில் நியாயம் இருப்பதாக எங்கள் எல்லாருக்குமே பட்டது. அந்தச் சாக்கடை எங்கள் சந்திலிருந்தும்தானே வருகிறது? விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்காமல் விடுவோமா? பாத்தி மணல் சலிக்கிற பெரிய சல்லடையைக் கொண்டுவந்து, பத்து டிரம்மையும் சலித்தோம். தலைமுடி, தேங்காய் நார், தோல் பட்டறைக் கழிவு, கிழிந்த துணி, ஒரு செருப்பு வார். கல்யாண வீட்டுக்கு அரிசி புடைத்த மாதிரி பாட்டுப் பாடிக்கொண்டு செய்தோம். சல்லடையில் தங்கியதெல்லாம் இரண்டு கூடை. அதைக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். முக்காதம் வந்து பார்த்து, "ஏக்தம் சாஃப்! ரொம்ப சுத்தம், பாயசம் மாதிரி இருக்குது!" என்று சந்தோஷப்பட்டார்.

மறுநாள் மிஷின் பிரமாதமாக ஓடியது. ஒரு பக்கம் கண்ணாடி போலத் தண்ணீர், இன்னொரு பக்கம் புட்டுமாவு போலப் பொலபொலவென்று சகதி. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் முந்தானைக்குள் தட்டினேன். கம்பெனிக்காரர் சமோசா வாங்கி வைத்திருந்தார். ஐயா தலையை ஆட்டிக்கொண்டே காகிதத்தைப் புரட்டினார். கம்பெனிக்காரர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

அப்போதுதான் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கூடைகள் எனக்கு ஞாபகம் வந்தன. மழையில் ராப்பகலாக மிஷின் ஓடும்போது யார் உட்கார்ந்து சலிப்பது? முடியோடு போனால் என்ன ஆகும்? செங்கல்மேல் வைத்த அடுப்பு கண்முன்னால் வந்தது. மதினியின் காதில் சொன்னேன். அவள் முகம் மாறியது. பம்பு சத்தத்தையே அமுக்குகிறவள், இந்த முறை குசுகுசுவென்றுதான் பேசினாள். "முக்காதம் கொன்னுருவாருட்டி" என்றாள்.

எனக்கு மட்டும் எப்படி வாய் வரும்? கால்தான் போனது. கொட்டகைக்குப் பின்னால் போய், ஒரு கூடையைத் தூக்கிவந்து, சமோசாத் தட்டுக்குப் பக்கத்தில் ஐயாவின் காலடியில் வைத்தேன்.

"ஏ பாயி! கச்ரா குப்பையை இங்க ஏன் வெச்சே?" என்று முக்காதம் பாய்ந்து வந்தார். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். சிவப்புப் பென்சிலால் கூடையைக் கிளறினார்.

"எங்கேர்ந்து வந்தது மா இது?"

நான் டிரம்மைக் காட்டினேன்.

"யாரு எடுத்தா?"

"நாங்கதான்யா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வெளியாளுவ வாராவளேன்னு... கொஞ்சம் சுத்தம் பண்ணி வச்சோம்."

ஐயா என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். "பொண் பார்க்க வரான்னு சீவிச் சிங்காரிச்சுட்டேளா! சரி, எடுத்ததையெல்லாம் திரும்பப் போடுங்கோ."

கம்பெனிக்காரர் தமிழை விட்டு இங்கிலீஷில் ஏதேதோ சொன்னார். "ஊர்ச் சாக்கடை இப்படித்தான் சார் வரும். உங்க மிஷினுக்காக ஊரையே மொட்டையடிச்சுக்கச் சொல்ல முடியுமா?" என்றார் ஐயா.

மீதமிருந்த டிரம்களில் இரண்டு கூடையையும் கொட்டிக் கலக்கினோம். மிஷின் கால் மணி நேரம் ஓடியது. பிறகு அம்மி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் உடம்பெல்லாம் ஒரு நடுக்கம். ஏதோ ஒரு மூடி தெறித்து, உள்ளே இருந்தது அத்தனையும் அந்த வெள்ளைப் பேண்டில் வந்து விழுந்தது. முடிக் கற்றை உள்ளே கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது. சிரிக்கக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் மணல் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சிரித்தது முக்காதம்தான். அதனால் எனக்குத் திட்டு விழவில்லை.

அடுத்து, ஓட்டிப் பார்க்கச் சின்ன மாதிரியாக வந்தது துணி சுற்றிய உருளை. சகதியில் பாதி முங்கி மெதுவாகச் சுற்றும். உள்ளிருந்து காற்றை உறிஞ்ச, தண்ணீர் துணி வழியே உள்ளே போகும், சகதி மேலே அடையாக ஒட்டும், ஒரு கத்தி அதைச் சுரண்டித் தள்ளும். நிதானமான மிஷின். முடி ஒட்டினாலும் கையால் பிடுங்கிப் போடலாம். எந்தத் துணி சரிப்படும் என்று பார்க்க நாலு மாதிரித் துணி வந்தது. துவைக்கப் போகிறவர்கள் நாங்கள்தானே என்று ஐயா எங்களிடமே கொடுத்துவிட்டார். கெட்டியான பருத்தித் துணிதான் உசத்தி என்றாள் மதினி. ஆனால் அதில் சகதி இழைக்குள் ஏறி, எத்தனை அடித்துத் துவைத்தாலும் போகவில்லை. நைலானில் ஒரு உதறலில் உரிந்து விழுந்தது. நான் நைலானை எடுத்து ஐயாவிடம் நீட்டினேன். காகிதத்தில் அதையே எழுதினார்.

பெரிய மிஷின் கப்பலில் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு மழையைச் செங்கல்மேல்தான் கழித்தோம். அதற்கடுத்த மழையில் அடுப்பு தரையில் இருந்தது. மிச்சமிருந்த மாதிரித் துணியை, "இது சகதி படாதது, நீயே வெச்சுக்கோ" என்று ஐயா என்னிடம் கொடுத்தார். அதன்பின் எந்தச் சாமானைச் சோதிக்க வந்தாலும், ஆரம்பிக்கும் முன்னால் எங்கள் பக்கம் திரும்பி, "இன்னிக்கு யாராவது பெருக்கினேளா?" என்று கேட்பார். நாங்கள் இல்லையென்று தலையாட்டினால்தான் சுவிட்சைப் போடச் சொல்வார்.

ஐயாவும் இல்லை, மதினியும் இல்லை. இந்த வருஷமும் செம்பூர் வீட்டில் கோதுமைப் பால் இறக்கினோம். மருமகள் பாலிலேயே கண்ணாக இருந்தாள். துணியில் தங்கிய சக்கையை அவள் உதறப் போனபோது, "பொறு, எங்கிட்டக் காட்டிட்டுப் போடு" என்றேன். ஒரு சின்னக் கல்லும் ஒரு தலைமுடியும் இருந்தன. "கோதுமையை நல்லாப் பாத்துத்தான அத்தை போட்டேன்!" என்று அவள் வெட்கப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.