மட்கார்டில் வெட்டிய தகரம்

என் வீட்டு முன்னறையில், நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில், ஒரு தகரத் துண்டு தொங்குகிறது. ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலம், அரைவட்டமாக வளைந்தது. ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட், மறுபக்கம் துரு. வெட்டிய ஓரத்தை அரத்தால் ராவியிருந்தும் இன்னும் விரலைக் கிழிக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதை அரிவாள் என்றுதான் நினைக்கிறார்கள். வேனின் முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டின் விளிம்பு என்று சொல்வேன். அதை ஏன் மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பேசிப் பிழைத்தவனுக்கு அதுகூட வராதா.

அதை வெட்டியவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பசறைக்கும் பதுளைக்கும் ஆள் ஏற்றி வேன் ஓட்டினார். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைச் சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. “மாப்ளைக்கு கணக்கு தெரியும், ரோடு தெரியாது” என்று நாலு பேர் இருக்கும்போதுதான் சொல்வார். நானும் விடமாட்டேன். ஆனால் எவ்வளவு சீண்டினாலும், நான் ஒன்றைச் செய்யச் சொன்னால் மறுக்கமாட்டார். எங்கள் பக்கம் தங்கையைக் கட்டியவன் சொல்லை மச்சான் தட்டுவதில்லை. அந்த மரியாதை எனக்குச் சுகமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது நாடே மாவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில்தான். திங்களும் வியாழனும் பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மற்ற ஊரில் அது சிகிச்சை. எங்கள் ஊரில் அது ரோடு. மழை தோட்டத்துப் பாதையைக் கழுவிக் கல்லை மட்டும் விட்டுவைத்திருந்தது. வேனின் அடிவயிறு ஒவ்வொரு கல்லிலும் இடிக்கும். ஒரு வியாழக்கிழமை எண்ணெய்த் தொட்டி கல்லில் மோதிப் பிளந்து, எண்ணெய் முழுவதும் பாதையில் ஓடிவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி இல்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பாதையையும் தோட்டத்துத் துரையையும் அரசாங்கத்தையும் திட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் யாரையும் திட்டவில்லை. வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கல்லுக்கும் இரும்புக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று அளந்துகொண்டிருந்தார்.

சக்கரத்தைப் பெரிதாக்கினால் வேன் உயரும் என்பது அவர் கண்ட வழி. பதுளையில் பழைய ரிம்மும் டயரும் விற்கும் ஒரு முஸ்லிம் கடைக்காரர் இருந்தார். நாங்கள் அவரை நானா என்போம். டயர் இறக்குமதி நின்றிருந்த நேரம். அவரிடம் கிடந்தது பெரிய அளவில் ஒரே ஒரு செட். நானா அதை உடனே தரவில்லை. “இது ஏறும். ஏறினதுக்குப் பிறகுதான் வில்லங்கம். ரிம் வெளிய தள்ளினா மட்கார்ட் கடிக்கும், உள்ளுக்கு போனா அடிக்கம்பி கடிக்கும். வெறும் வேன்ல பாத்துட்டு சரின்னு போக வாணாம், பாரம் ஏத்திப் பாருங்க” என்றார். மச்சான் பழைய டயர்கள் நான்கையும் மாற்றாகக் கொடுத்துவிட்டுப் பெரியதைப் பூட்டிக்கொண்டு வந்தார். தட்டையான பதுளை ரோட்டில் சத்தமே இல்லை. பசறை தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது, முன் சக்கரம் தகரத்தைத் தேய்த்துக் கத்தியது. எனக்குப் பல் கூசியது. மச்சான் சிரித்தார். “பேசுது மாப்ள. எங்க வலிக்குதுன்னு கேப்போம்.”

மறுநாள் அவர் செய்த வேலையைத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து கங்காணி பெண்களை மலைக்கு அனுப்பும் நேரம் பார்த்து, பெரட்டுக் களத்துக்கே வேனைக் கொண்டுவந்தார். மட்கார்டின் உட்பக்கம் முழுக்க மஞ்சளைக் குழைத்துப் பூசினார். பிறகு கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்களைப் பார்த்து, “அக்கா, எல்லாரும் அஞ்சு நிமிசம் ஏறி உக்காருங்க. இடது பக்கமா சாஞ்சு உக்காரணும்” என்றார். பதினாறு பேர் ஏறினார்கள். “என்ன கங்காணி, எங்கள ஏலம் விடுறாங்களா?” என்று உள்ளேயிருந்து ஒருத்தி கேட்டாள். கங்காணிக்குக் கோபம். நேரம் போகிறது, துரை கேட்பார் என்று கத்தினார். என் மனைவி களத்து ஓரத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அந்த நோய் வந்த பிறகு முதல் தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேன் ஒரு வட்டம் அடித்து நின்றது. எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும் டயரில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

மட்கார்டில் அந்த இடத்தை எங்கள் வீட்டு உலக்கையைக் கொடுத்து உள்பக்கம் மடக்கிப் பார்த்தார். உலக்கையில் வெடிப்பு விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் இரும்பு வாளால் முன்பக்கம் இரண்டு விளிம்பையும் அறுத்தெடுத்தார். மறுபடி மஞ்சள், மறுபடி பதினாறு பெண்கள், மறுபடி கங்காணியின் வசவு. இந்தத் தடவை டயர் கறுப்பாகவே இருந்தது. பின் சக்கரத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி மிஞ்சியது. அங்கே தகரம் இரட்டையாகப் பற்றவைத்திருந்தது. அதை அறுத்தால் வண்டியின் உடம்பே ஆட்டம் கொடுக்கும் என்று தொடாமல் விட்டார். “ஆளுக்கு இது போதும், மூட்டைக்கு பத்தாது. இனிமே இந்த வேன்ல மூட்டை ஏறாது” என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். அறுத்ததில் ஒரு துண்டை என் மனைவி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் ஒரு நாள் தவறாமல் போய் வந்தோம். கல் அடியில் போனது, நாங்கள் மேலே போனோம். அவள் முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய கன்னம் தெரிந்தது.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் கடைத்தெருவுக்குப் போனேன். பல வாரமாகக் கண்ணில் படாத கோதுமை மாவு அன்றைக்கு ஒரு கடையில் இறங்கியிருந்தது. முதல் நாள்தான் அவள், “ஏங்க, ஒரு ரொட்டி தின்னா நல்லா இருக்கும்” என்றிருந்தாள். ஒரு ரொட்டிக்கு ஒரு கிலோ போதும். நான் நான்கு மூட்டை வாங்கினேன். தொழிலாளர் லயத்தில் யார் வீட்டிலும் மாவு இல்லை. எங்களுக்காக வேனில் ஏறி உட்கார்ந்த பதினாறு பேருக்கும் என் கையால் பங்கு வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாத்தியார் சேர் கொடுத்தார் என்று அவர்கள் சொல்வதைக் கேட்க ஆசைப்பட்டேன். மச்சான் அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வரப் போயிருந்த நேரத்தில், மூட்டைகளைக் கடைசி இருக்கைக்கு அடியில் தள்ளிப் பாயைப் போட்டு மூடினேன். திருடனைப்போல மூடினேன்.

வேன் வழக்கமான ஆட்களால் நிறைந்திருந்தது. பசறை தாண்டி இரண்டாவது வளைவில் பின்னாலிருந்து அந்தத் தேய்ப்புச் சத்தம் வந்தது. மச்சான் உடனே நிறுத்தி இறங்கினார். சக்கரத்தைப் பார்த்தார், பாயைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. “மாப்ள, இத இந்த ரோட்டோரக் கடையில வச்சுட்டு போவோம். நாளைக்கு ஆட்டோவுல எடுத்துக்கலாம்” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. நாளைக்கு மாவு இருக்குமா என்று நான் நினைத்தேன். “நாலே மூட்டை மச்சான். மெதுவா போங்க” என்றேன். அவர் பாயை மறுபடி மூட்டைகள்மேல் இழுத்து மூடினார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார். அவர் தங்கை ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்துக்கு இரண்டு வளைவு கீழே பின் டயர் வெடித்தது. மட்கார்டின் விளிம்பு அதன் பக்கச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. மச்சான் வேனைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மண்மேட்டில் மோதி நிறுத்தினார். யாருக்கும் பெரிய காயமில்லை. வேனின் பின் அச்சு வளைந்துபோனது. அச்சும் கிடைக்காது, அந்த அளவில் டயரும் கிடைக்காது. வியாழக்கிழமை வாடகைக்கு ஒரு வண்டி இல்லை. இருந்த வண்டிகளெல்லாம் பெட்ரோல் வரிசையில் நின்றன. மச்சான் பசறை வரை நடந்து போய், கண்ட டிரைவரிடமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். பிறகுதான் எனக்குத் தெரியும். சனிக்கிழமை கொழுந்து லொறியில் சாக்கை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். பசறை வரவில்லை, அதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. அவள் தலை மச்சானின் மடியில் இருந்தது, கால் என் மடியில்.

சாவு வீட்டில் எல்லோரும் டயரைப் பற்றித்தான் பேசினார்கள். அளவு தெரியாமல் பெரியதைப் பூட்டி, தங்கச்சியைக் கொன்றுவிட்டான் என்று அவர் காதுபடவே ஒரு கிழவர் சொன்னார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க, டயர் பெருசு” என்றார். மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காரியத்துக்கு வந்தவர்களுக்கு அந்த மாவில்தான் ரொட்டி சுட்டார்கள். அந்தப் பதினாறு பேரும் தின்றார்கள். நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன், வாத்தியார், பேசத் தெரிந்தவன். ரொட்டித் தட்டை வாங்கி அடுத்த ஆளுக்கு நீட்டினேன்.

அதற்குப் பிறகு மச்சானின் வண்டியில் யாரும் ஏறவில்லை. வேனை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு பெரகலப் பக்கம் போய், யாரோ ஒருவரின் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறார். மற்றவரை ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறாராம். இதையெல்லாம் இங்கே எழுதிவிட்டேன். மச்சான் படிக்கிறவர் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் அவளுடைய திவசத்துக்கு வந்திருந்தார். மெலிந்திருந்தார், சீண்டவில்லை. படையல் முடிந்ததும் சுவரில் இருந்த தகரத்தைக் கண்டு, ஆணியிலிருந்து எடுத்து, வெட்டிய ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். “பின்னாலயும் இப்பிடி வெட்டியிருக்கணும் மாப்ள. நான்தான் பயந்துட்டேன்” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், யார் கையையும் கிழிக்காதபடி வெட்டு ஓரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். “நான்தான், மச்சான்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். “பிளேன் டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டேன்.