ஆயில் குறையாத ஸ்கூட்டர்

போன வருஷம் ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். அந்த நாட்களில் எங்கள் தென்காசியிலும் விடிந்தது போலவே இருக்காது. மலை ஒரு பக்கம் மேகத்துக்குள் போய்விடும். வெயிலும் மழையும் இல்லாமல் ஒரு சாரல் மட்டும் முகத்தில் வந்து ஒட்டும்.

எங்களிடம் கியர் இல்லாத பழைய ஸ்கூட்டர் ஒன்று உண்டு. பட்டாளத்திலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கியது. அவருக்கு ஒரு கால் இழுத்துக்கொண்ட பிறகு, ஐம்பத்தெட்டு வயதில் நான் அதை ஓட்டப் படித்தேன். தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாசலில் நான் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போவேன். சீசனில் காலையானால் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேலகரம் வழியாகக் குற்றாலம் போவேன். ஆண்கள் பக்கத்தில் யாராவது கை கொடுக்க, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருவியின் ஓரத்தில் நிற்பார். தோளில் தண்ணீர் விழும்போது அவர் முகத்தில் நோயே இருக்காது. அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்பேன்.

அந்த வண்டியில் பெட்ரோலுக்கு ஒரு டேங்க், ஆயிலுக்குத் தனியாக ஒரு டேங்க். ஒரு சின்ன பம்ப், வேண்டிய அளவு ஆயிலை எடுத்து இஞ்சினுக்குக் கொடுக்கும். அந்த பம்ப் கெட்டுப்போனது. மாற்றுவதற்கு அதே பம்ப் எங்கேயும் கிடைக்கவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் புதிதாகக் கடை போட்டிருந்தான். பம்ப்பை அடைத்துவிட்டேன், இனி அது இல்லாமலே ஓட்டலாம் என்றான். கடையில் ஏகப்பட்ட கூட்டம். அவன் ஒரு துண்டுச் சீட்டில் நாலைந்து வரி எழுதி என் கையில் கொடுத்தான்.

"இதுல உள்ளபடி செய்யணும் ஆச்சி. ரொம்ப முக்கியம்."

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவன் எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. ஆனாலும் வாசித்தவளைப் போலத் தலையாட்டி, சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தால் வாசித்துச் சொல்லியிருப்பார். ஆனால் ஹேண்டில்பாரை என் கையில் வாங்கிய பிறகு, வண்டி விஷயத்தில் அவரிடம் ஒன்றுமே கேட்கக் கூடாது என்று ஒரு வீம்பு எனக்கு.

அதன்பிறகு ஆயில் டேங்கைத் திறந்து பார்த்தால், ஆயில் குறையவே இல்லை. இரண்டு தடவை பெட்ரோல் போட்டாயிற்று. ஆயில் அப்படியே ததும்ப நிற்கிறது. என் கை பட்டதும் வண்டி சிக்கனமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் காலை மேலகரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். ரோடு முழுக்க வெள்ளையாக மேகம் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் மிதப்பது போல வந்து போயின. வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்துக்கொண்டு ஏதோ முனகிக்கொண்டு வந்தார். நான் வண்டி ஓட்டுகிறேனா, வண்டி என்னைக் கொண்டுபோகிறதா என்றே தெரியவில்லை. அப்போது இஞ்சினுக்குள் கிரீச்சென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வண்டி தயங்கி, வளைந்து, ஓரத்துச் சேற்றில் சாய்ந்தது. பின்னால் வந்த பஸ் எங்களை உரசாத குறையாகக் கடந்துபோனது. அதன் காற்றில் என் முந்தானை எழும்பி விழுந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்காரர் புல்லில் உட்கார்ந்திருந்தார். அவர் வேட்டியில் மட்டும்தான் சேறு.

அவர் போன் போட்டார். மெக்கானிக் பைக்கில் வந்தான். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், ஐந்தாறு ஆட்டோ வைத்திருப்பவர், தன் ஆட்டோக்களையெல்லாம் இவன் கடையில்தான் விடுவார். மெக்கானிக் பெட்ரோல் டேங்கைத் திறந்து, குச்சியை விட்டு, விரலால் தேய்த்து முகர்ந்தான். ஆயில் டேங்கைத் திறந்தான். ததும்ப இருந்தது.

பம்ப்பை அடைத்துவிட்டால் ஆயிலைப் பெட்ரோலிலேயே அளந்து கலந்து ஊற்ற வேண்டுமாம். நான் ஊற்றியது வெறும் பெட்ரோல். ஆயில் இல்லாமல் ஓடி ஓடி இஞ்சின் சூடேறி, சுற்ற முடியாமல் பிடித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் சேற்று வேட்டியோடு அவன் பக்கம் திரும்பினார். "ஏலே, பம்ப்ப அடச்சிட்டு, கலக்கி ஊத்தணும்னு ஒரு வார்த்த சொல்லமாட்டியால? ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு அடியில போயிருப்பம்லா."

அவன் தலை நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தான். நான் பர்ஸை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவன் பார்வை அந்தக் கையில் நின்றுவிட்டுப் போனது.

"சொல்ல மறந்துட்டேன் ஐயா. தப்பு எம்மேலதான்."

ஆட்டோக்காரர், இவனிடம் வண்டி விட்டால் உயிர் போய்விடும்போல என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாயே திறக்கவில்லை. சாரல் பெய்துகொண்டே இருந்தது. அவன் முதுகெல்லாம் நனைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பகலில் கண்ணை மூடினால் அந்த வெள்ளை ரோடு. அதில் அவன் மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான், ஊர் வராது. என் வீட்டுக்காரர் டீக்கடையில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், எப்போதும் அவன் கடை வாசலில் நிற்கும் ஆட்டோக்கள் எதிர்க்கடையில் நின்றன. இவன் கடையில் என் ஸ்கூட்டர் மட்டும் பிரித்துப் போட்டுக் கிடந்தது. போட்டது போட்டபடி டீக்கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் இருந்தார், ஆட்டோக்காரரும் இருந்தார். சீட்டை எடுத்து பெஞ்சில் வைத்தேன்.

"இது அந்தத் தம்பி அன்னைக்கே எழுதிக் குடுத்தது. எனக்கு வாசிக்கத் தெரியல. தெரியலன்னு சொல்ல வாய் வரல."

என் வீட்டுக்காரர் சீட்டை எடுத்து மெதுவாக வாசித்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"ஏட்டி, எங்கிட்ட குடுத்திருக்கலாம்லா. காலுதான எனக்குப் போச்சு, கண்ணு இருக்குல்லா" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

நேராக மெக்கானிக்கிடம் போனேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஒங்க மொகத்தப் பாத்தேன் ஆச்சி. அம்புட்டு பேருக்கு முன்னால நீங்க வண்டிய ஓட்டிட்டுப் போறவுக. அத எப்படிக் கெடுக்க?"

ஆட்டோக்கள் அவன் கடைக்குத் திரும்பி வந்தன. எல்லாம் இல்லை, மூன்றுதான். வராமல் போன மீதி, என் வாய் நாலு நாள் மூடிக்கிடந்ததற்கு அவன் கொடுத்த விலை.

இப்போதும் நாங்கள் அவன் சரிசெய்த அதே ஸ்கூட்டரில் குற்றாலம் போகிறோம். என் மானம் என்று நான் பொத்தி வைத்திருந்ததை, ஒரு சொந்தமும் இல்லாத ஒருவன் தன் பிழைப்பைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டு சாரலில் நனைந்தபடி நின்றானே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எத்தனை தெரியாது என்பதைவிட, எத்தனை பேர் அதைத் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டிருப்பார்கள் என்றுதான் மனசு கேட்கிறது.