மொட்டை சோப்பு

அம்மையார்குப்பத்தில் பிறந்த தேவகி, தொண்ணூறுகளின் நடுவில் திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவன் தங்கவேலுக்கு மலையில் மொட்டை அடிக்கும் வேலை. சாயந்திரம் வீடு திரும்பினால் அவனுக்கு முதலில் வேண்டியது சோறு அல்ல, சோப்பு. யார் யார் தலைமுடியோ பொடிப்பொடியாகக் கழுத்து மடிப்பில் ஒட்டிக்கொண்டு குத்தும். தேவகிக்கும் சோப்பென்றால் கொள்ளை ஆசை. உறையைப் பிரித்துப் புடவைகளுக்கு நடுவே வாசனைக்கு வைப்பாள். கட்டி தேய்ந்து சில்லாகிவிட்டால் அதை அடுத்த கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவாள்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில் அவர்கள் தெருவில் மகளிர் குழு தொடங்கினார்கள். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள், கட்டி சோப்பின் காலம் முடிந்தது, ஒருவர் தேய்த்ததை இன்னொருவர் தேய்ப்பது சுத்தமில்லை, இனி எங்கும் அமுக்கினால் வரும் சோப்புதான் என்று சொல்லி, திரவ சோப்பு செய்யக் கற்றுக்கொடுத்தார். மற்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் நின்றது தேவகியும் மெக்கானிக் ஜலாலின் மனைவி சகீனாவும்தான்.

எலுமிச்சை வாசனையோடு பச்சைப்பசேலென்று இருந்த அந்தச் சோப்பை பஸ் நிலையத்து ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும் ஆசையாக வாங்கின. பிள்ளைகள் அமுக்கிப் பார்ப்பதற்காகவே இரண்டாம் தடவை கை கழுவின. கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பஞ்சாட்சரத்தின் ஓட்டலில் புட்டியை அமுக்கினால் வெறும் பச்சைத் தண்ணீர் பீச்சியடித்தது. அவரே குழாயைத் திறந்து புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிட வந்தவர்கள் கேட்டால் குழுப் பெண்களைக் கைகாட்டிவிட்டார். அந்தப் பேச்சு மற்ற ஓட்டல்களுக்கும் பரவி, வாங்குகிறவர்கள் குறைந்தார்கள்.

அப்போதுதான் கனகம்மாசத்திரத்துக் கடைகளிலாவது விற்கலாமென்று இருவரும் ஒரு கேன் நிறைய எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். நல்ல மழை. வழியில் ஒரு பள்ளத்தில் பஸ் குதித்ததில் சீட்டுக்கடியில் கேனின் மூடி கழன்றது. ஈரக் கால்களின் மிதியில் நுரை பொங்கிப் பின்படிக்கட்டு வரை போனது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் சீட்டின்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். தேவகிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சகீனாவோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்டக்டர் பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லி இருவரையும் கழுவ வைத்தார். முடிந்ததும், பஸ் வாங்கின நாளிலிருந்து இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்று சொல்லி விசில் ஊதினார்.

வெறுங்கையோடு திரும்பியவர்களிடம் ஜலால் தன் கையை நீட்டிக் காட்டினார். திரவ சோப்பு போட்டுத் தேய்த்தும் கிரீஸ் அப்படியே இருந்தது.

"இது வழுக்கிகினு பூடுதும்மா. புடிச்சித் தேய்க்கறா மாதிரி கட்டியா ஒண்ணு பண்ணுங்க."

தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கி வந்தார்கள். கலவை கெட்டியானதும் எதில் ஊற்றுவது என்று தேவகி சுற்றுமுற்றும் பார்த்தாள். இட்லித் தட்டுதான் கண்ணில் பட்டது. ஊற்றிய கொஞ்ச நேரத்தில் அலுமினியம் புசுபுசுவென்று பொங்கிக் கறுத்து, குழிக்குள்ளே குழி விழுந்துவிட்டது. தங்கவேல் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூலையில் சாய்த்து வைத்தான். அந்த மாதம் முழுக்க வீட்டில் தோசைதான்.

அடுத்து சகீனாவுக்கு ஒரு யோசனை வந்தது. பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைத் துண்டாக அறுத்து, உள்ளே காகிதம் சுற்றி, மஞ்சளும் வேப்பிலைச் சாறும் சேர்த்த கலவையை ஊற்றினார்கள். இறுகியதும் வெளியே தள்ளி, நைலான் கயிற்றால் வட்டவட்டமாக அறுத்து நிழலில் பரப்பினார்கள். காஸ்டிக் சோடாவின் காரம் அடங்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. தேவகி தினமும் போய் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு முகர்ந்துவிட்டு வருவாள்.

முதல் வில்லையைத் தங்கவேல் தேய்த்துக் குளித்தான். கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுகூட குத்தல. நாலு குடு, மலைக்கு எடுத்துகினு போறேன்" என்றான். அவன் மொட்டை அடித்துவிட்டவர்கள் அதைத் தேய்த்துக் குளித்தார்கள். மழித்த தலையில் எரியவில்லை என்று இன்னொன்று கேட்டார்கள். வட்டமாக வழவழவென்று இருந்ததால் ஜனங்களே அதற்கு மொட்டை சோப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆந்திராவிலிருந்து வந்த குடும்பங்கள் ஊரில் இருப்பவர்களுக்கும் சேர்த்து வாங்கிப் போயின. ஜலாலின் பட்டறையில் ஒன்று சணல் கயிற்றில் தொங்கியது.

ஒருநாள் பஞ்சாட்சரமே வீடு தேடி வந்தார். வாசலில் நின்று செருமினார்.

"கை கழுவற எடத்துக்கு அந்தக் கட்டி வோணும்மா. ஜனங்க அதத்தான் கேக்கறாங்க."

"லிக்விட் வேணாங்களா?" என்றாள் தேவகி.

"வேணாம்மா. கட்டின்னா யாரும் தண்ணி கலக்க முடியாது இல்ல" என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தார். உள்ளே சகீனாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருவது தேவகிக்குத் தெரிந்தது. அவள் மட்டும் முகத்தை மாற்றாமல், நன்றாகக் காய்ந்த வில்லைகளாகப் பார்த்துப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். தண்ணீர் தேங்காத தட்டில் வைத்தால் சீக்கிரம் கரையாது என்றும் சொல்லி அனுப்பினாள்.

அதன்பிறகு காற்றோட்டமான ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டம் மலையடிவாரத்தை அடைத்துக்கொண்டு நின்றது. தேவகியும் சகீனாவும் அங்கே விற்கக் கொண்டுபோன சோப்பெல்லாம் உச்சி வெயிலுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அறையில் இன்னும் இருக்கிறதே, ஓடிப்போய் எடுத்து வரட்டுமா என்று சகீனா கேட்டாள். அவை காய இன்னும் ஒரு வாரமாவது வேண்டும்.

"அது காயட்டும். நீ உக்காரு" என்றாள் தேவகி. ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள். மலையிலிருந்து மொட்டைத் தலைகள் சந்தனம் பூசிக்கொண்டு சாரிசாரியாக இறங்கி வந்துகொண்டிருந்தன.